பொரளையில் ஒரு பியானோ

கொழும்பு மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொரளை என்றதும் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டால் ஓடிச் செல்லும் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. மற்றொன்று, வாழ்ந்து முடித்தோரை வழியனுப்பும் கனத்தை மயானம். மழலையின் அழுகுரலும் மயானத்தின் அமைதியும் ஒரு மைல் தூரத்துக்குள் அடங்கிய இடம் அது. இவ்விரண்டில் ஒன்றன் பொருட்டன்றிப் பொரளைக்குச் சென்றவர் நம்மில் மிகச் சிலரே. நாமும் அவ்வாறே இருந்தோம். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், முதன்முறையாக, ஒரு பியானோ நம்மை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்றது.

நாம் வகுப்பாசிரியராக இருக்கும் உயர்தரக் கணிதப் பிரிவில் மாணாக்கன் ஒருவன் இருக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன், பேச்சில் சிக்கனக்காரன். அவனுடைய தந்தையார் பொரளைச் சந்திக்கு அருகில் புத்தகக் கடை வைத்திருப்பவர். ஒருநாள் அவர் தொலைபேசியில் நம்மை அழைத்தார். "சேர், ஒருக்கால் வீட்டுப் பக்கம் வந்து பொடியனுக்குப் புத்தி சொல்ல வேணும். படிக்கிற நேரத்தையெல்லாம் பியானோவிலே போக்குகிறான். சோதினைக்கு முன்னம் அதை வித்துப்போடலாம் என்று பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் மாணாக்கனை அழைத்து விசாரித்தோம். "யாரைப்போல் ஆக விரும்புகிறாய், தம்பி?" என்று கேட்டோம். "விஜய் ஐயரைப்போல், சேர்" என்றான். சென்னையிலுள்ள சங்கீத வித்துவான் ஒருவராக்கும் என்று எண்ணி, "அவர் வாய்ப்பாட்டா, வயலினா?" என்றோம். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஜாஸ் பியானோ, சேர். ஹாவர்ட் சர்வகலாசாலையில் பேராசிரியர்" என்றான். அறியாமை வெளிப்பட்டபின் ஆசிரியனுக்கு ஒரே வழிதான் உண்டு: படிப்பது. அந்த வாரம் முழுவதும் அம்மனிதரைப் பற்றித் தேடிப் படித்தோம். அவருடைய இசையையும் கேட்டோம். பையனின் ஆசையை மறுப்பதற்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டுவதே நம் நோக்கமாயிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

வெள்ளவத்தையில் பஸ் ஏறினோம். காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வந்த வண்டி பௌத்தாலோக மாவத்தையில் திரும்பியது. தும்முல்லைச் சந்தியைக் கடந்து, பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தையும் கடந்து, கனத்தைச் சுற்றுவட்டத்தை அடைந்தபோது மழை தூறத் தொடங்கியது. மயானத்து வாயிலில் பூமாலை விற்போர் பொலித்தீன் விரிப்புகளை இழுத்து மூடிக்கொண்டிருந்தனர். சந்தியில் இறங்கியபோது ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டதை உணர்ந்தோம். குறித்த நேரத்துக்கு முன் ஒரு வீட்டுக்குள் நுழைவது முறையன்று. ஆகவே கோதமி விகாரைக்குச் சென்றோம்.

பொரளைக்குச் செல்வோர் அவசியம் காண வேண்டிய இடம் இவ்விகாரை. உள்ளே சுவர் நெடுகப் புத்தர்பிரானின் வரலாற்றைத் தீட்டியிருப்பவர் ஜோர்ஜ் கீற். 1939, 1940ஆம் ஆண்டுகளில் வரைந்த சித்திரங்கள் அவை. கண்டியில் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்த கீற், ஐரோப்பிய நவீன ஓவியத்தின் கோடுகளையும் நம் பழைய கோயிற் சுவரோவியங்களின் வளைவுகளையும் ஒருங்கே பயின்றவர். மாயாதேவியின் விழிகளில் இந்தியாவும் இலங்கையும் தெரிகின்றன. உருவத்தை வகுத்த கோட்டில் பாரிஸ் நகரமும் தெரிகிறது. ஆயினும் அவற்றின் முன் மலர் வைத்து வணங்கும் மூதாட்டிக்கு அவை அந்நியமாகத் தோன்றவில்லை.

கீற்றின் நண்பர் லயனல் வென்ற் (1900–1944) என்பவரும் நம் நினைவுக்கு வந்தார். இலண்டனில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். அங்கேயே பியானோவையும் கற்றவர். கொழும்புக்குத் திரும்பியபின் வழக்குமன்றத்தை விட்டுப் பியானோவிலும் புகைப்படக் கலையிலும் வாழ்ந்தார். 1943இல் ஓவியர்கள் கூடி அமைத்த '43 குழுவுக்கு அவரே அச்சாணியாக விளங்கினார். கில்போர்ட் கிறெசென்ரில் அவர் பெயர் தாங்கிய அரங்கில் இன்றும் நாடகங்கள் நடைபெறுகின்றன. அவருடைய வழக்குக் கட்டுகளைப் பற்றிப் பேசுவார் இன்று எவருமில்லை. இச்சிந்தனை நாம் தயாரித்து வந்த உபதேசத்துக்குச் சற்று இடைஞ்சலாகவே இருந்தது.

கடைக்கு மேல்மாடியில் வீடு. மரப்படிகளில் ஏறியதும் முன்னறையில் பியானோ தென்பட்டது. அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட பறங்கியர் குடும்பமொன்று விட்டுச் சென்றதாம். கை மாறிக் கை மாறி இங்கு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழுவதில்லை. அதன்மேல் ஒரு சரஸ்வதி படம். பக்கத்தில் கணிதப் பரீட்சையின் பழைய வினாத்தாள்கள். மாணாக்கனின் தாயார் உழுந்து வடையும் தேநீரும் கொண்டு வந்து வைத்தார். தந்தையார் கதிரையை நம் பக்கமாக இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"சேர், எனக்குச் சங்கீதத்தின் மேலே வெறுப்பில்லை" என்று தொடங்கினார். "83இல் எனக்குப் பதின்மூன்று வயது. இதே பொரளையில்தான் அப்பாவின் கடை. ஒரு இரவிலே கடையும் வீடும் போய்விட்டன. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. பிறகு முகாம். அங்கேதான் நான் ஒன்றைப் பார்த்தேன். கடை வைத்திருந்தவனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. டொக்டருக்கும் எஞ்சினியருக்கும் கணக்காளருக்கும் படிப்பு மிஞ்சியது. அவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய் எழும்பிவிட்டார்கள். கணக்குத் தலைக்குள்ளே இருக்கும், சேர். பியானோவைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா?"

அறையில் எவரும் பேசவில்லை. 1983 ஜூலை 23ஆம் நாள் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுடைய உடல்களை மறுநாள் மாலை கனத்தையில் அடக்கம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. அங்கு கூடிய கூட்டத்திலிருந்தே வன்முறை கிளம்பிற்று. பொரளையில் மூண்ட தீ நகரெங்கும் பரவியது. அந்நாளை நாம் நூல்களில் மட்டுமே அறிவோம். இவரோ அதை ஊடறுத்து வந்தவர். இவர் எழுப்பிய வினா பேராசையினால் எழுந்ததன்று; பிள்ளை மீதுள்ள பாசத்தினாலும், மறக்க முடியாத அச்சத்தினாலும் எழுந்தது. அதற்கு மேலெழுந்தவாரியாக விடை சொல்வது தகாது.

ஆகவே நாம் படித்தறிந்ததை அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கூறினோம். வாசகர்களுக்கும் அதனைக் கூறுவது பயனுடையதென நம்புகிறோம்.

முதலில், ஜாஸ் என்பது யாது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், அடிமைத்தளையிலிருந்து மீண்ட ஆபிரிக்க மக்களின் சந்ததியார் வளர்த்த இசை அது. எழுதிவைத்ததை அப்படியே வாசிப்பதன்று. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே அதைப் புதிதாகப் பின்னிப் பின்னி விரிப்பது. நம் கச்சேரிகளில் கற்பனை ஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் எவ்வாறோ, அவ்வாறே அவர்களுக்கு இந்த விரிப்பு. இவ்வுறவை அவர்களும் உணர்ந்திருந்தனர். 1958இல் டேவ் புரூபெக் என்னும் ஜாஸ் பியானோக் கலைஞர் தம் குழுவுடன் ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தபோது இலங்கைக்கும் வந்தார். அப்பயணத்தில் சென்னையில் மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். 1963இல் டியூக் எலிங்டன் தம் பெருங்குழுவுடன் இலங்கைக்கு வந்து சென்றார். ஜாஸ் இசைக்கு நம் தீவு முற்றிலும் அறிமுகமற்ற மண்ணன்று.

இனி விஜய் ஐயரின் வரலாறு. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெற்றோரின் மைந்தர் அவர். 1971இல் நியூ யோர்க் மாநிலத்தின் அல்பனி நகரில் பிறந்தார். அமெரிக்கா 1965இல் தன் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தியபின், விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் கற்ற ஆசியர் பலர் அங்கு குடியேற வழி பிறந்தது. "பார்த்தீர்களா, சேர்! படிப்புத்தான் கடல் கடத்தியிருக்கிறது" என்று தந்தையார் இடைமறித்தார். உண்மையே என்று ஒப்புக்கொண்டோம்.

மூன்று வயதில் அவருக்கு வயலின் கற்பிக்கத் தொடங்கினர். மேற்கத்திய முறையில் பதினைந்து ஆண்டுகள் பயின்றார். பியானோவுக்கோ பெரும்பாலும் ஆசிரியர் இல்லை. காதால் கேட்டு, கையால் தேடித் தாமாகவே கற்றுக்கொண்டார். யேல் சர்வகலாசாலையில் அவர் பயின்றது இசையன்று, கணிதமும் பௌதிகமும். பட்டம் பெற்றபின் பௌதிகத்தில் மேலும் ஆராய்வதற்காகக் கலிபோர்னியாவிலுள்ள பேர்க்கிலிக்குச் சென்றார். பகலில் ஆய்வுகூடம், இரவில் அயல் நகரமான ஓக்லண்டின் இசைக்கூடங்களில் பியானோ. ஸ்டீவ் கோல்மன், ஜோர்ஜ் லூயிஸ் முதலிய மூத்த கலைஞர்களுடன் வாசிக்கும் வாய்ப்பும் கிட்டியது. இரு படகுகளில் கால் வைத்தவர் கவிழ்ந்துவிடுவார் என்பர். அவர் கவிழவில்லை. பௌதிகத்தில் முதுநிலைப் பட்டத்துடன் நிறுத்திக்கொண்டு, இசையையும் அறிவியலையும் இணைக்கும் புதியதொரு துறையில் ஆராயத் தொடங்கி, 1998இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1995இல், முதல் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது.

"அந்த ஆராய்ச்சி எதைப் பற்றியது?" என்று தாயார் கேட்டார். நாம் சொன்னோம்: மேற்கு ஆபிரிக்க இசையிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையிலும் தாளம் எவ்வாறு உணரப்படுகிறது என்பதைப் பற்றியது. ஒரு தேர்ந்த கலைஞர் தட்டும் அடி, கடிகாரம் காட்டும் கணத்தில் சரியாக விழுவதில்லை. இமைப்பொழுதினும் குறைந்த அளவு முந்தியோ பிந்தியோ விழும். அது பிழையன்று, அதுவே இசையின் உயிர். அத்தகைய நுட்பத்தைக் காது மட்டும் அறிவதில்லை. நடக்கும் காலும், மூச்சும், கையும் அறிகின்றன. இசையறிவு உடலிலே குடியிருக்கிறது என்பதே அவ்வாய்வின் சாரம்.

கணிதம் அவரை விட்டுப் போய்விடவுமில்லை. 2009இல் வெளியான அவருடைய இசைத்தட்டொன்று கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது. அதிலுள்ள ஓர் உருப்படியில், 1, 2, 3, 5, 8, 13 என்று வளரும் எண்களின் விகிதங்களைக் கொண்டு தாளத்தை அமைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. மேனாட்டார் இவற்றை இத்தாலியரான பிபோனாச்சியின் பெயரால் அழைப்பர்; அவர் நூல் 1202இல் எழுந்தது. ஆனால் இந்திய யாப்பிலக்கணத்தார் அதற்கு முன்பே இவற்றைக் கண்டனர். ஒரு மாத்திரைக் குறிலையும் இரண்டு மாத்திரை நெடிலையும் கொண்டு மூன்று மாத்திரை அடியை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று விதம். நான்கு மாத்திரையை? ஐந்து விதம். ஐந்து மாத்திரையை? எட்டு விதம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் இதை விளக்கியிருக்கிறார். நாம் இதைச் சொன்னபோது மாணாக்கன் வினாத்தாளின் பின்புறத்தில் எழுதிப் பார்த்து, "ஆறு மாத்திரைக்குப் பதின்மூன்று, சேர்" என்றான். தந்தையாரின் முகத்தில் முதன்முறையாக ஒரு மலர்ச்சி தோன்றியது.

அதே இசைத்தட்டில் நம்மவர்க்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, போர்ச்சூழலில் அகதியாக மீண்டும் இலண்டனுக்குச் சென்றவர். அவருடைய 'கலாங்' என்னும் பாட்டை விஜய் ஐயர் பியானோவுக்கு மாற்றி வாசித்திருக்கிறார். மாணாக்கன் அதனை நமக்கு ஒலிக்கச் செய்தான். சொல் ஒன்றுமில்லாமலே அதில் ஒரு துடிப்பு இருந்தது. 2003இல் கவிஞர் மைக் லாட் என்பவருடன் சேர்ந்து அவர் ஆக்கிய படைப்பு விமான நிலையங்களைப் பற்றியது. 2001இல் ஈரானியத் திரைப்பட நெறியாளர் ஜாபர் பனாஹி நியூ யோர்க் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்ட நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. கடவுச்சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று கலங்கிய அனுபவம் நம் குடும்பங்களில் எதற்குத்தான் இல்லை? 2011இல் வெளிவந்த 'தீர்த்தா'வில் அவருடன் கிற்றார் வாசித்தவர் பிரசன்னா. கர்நாடக இசையை அவ்வாத்தியத்தில் வாசிக்கும் தமிழ்நாட்டுக் கலைஞர். அவரும் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பற் பொறியியல் கற்றவரே.

"வருமானம்?" என்றார் தந்தையார். வியாபாரி கேட்க வேண்டிய கேள்விதான். 2013இல் மக்ஆர்தர் நிதியம் அவருக்கு ஐந்தாண்டுகளில் 625,000 டொலர் வழங்கும் புலமைப்பரிசிலை அளித்தது. 2014 ஜனவரியில் ஹாவர்ட் சர்வகலாசாலையில் இசைப் பேராசிரியரானார். அதற்கு முன் நியூ யோர்க்கிலுள்ள கல்லூரிகளில் ஆண்டுக்கணக்காகக் கற்பித்திருக்கிறார். கனடாவின் பான்ஃப் நகரில் இளங்கலைஞர்களுக்கான பயிற்சிக் களத்தையும் நெறிப்படுத்தியிருக்கிறார். 2021இலும் 2024இலும் புதிய இசைத்தட்டுகள் வெளிவந்தன. "ஆனால், ஐயா, கணக்கைச் சரியாகப் பாருங்கள்" என்றும் சொன்னோம். "முதல் இசைத்தட்டுக்கும் அப்பெரும் பரிசுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். அவரைப்போல் முயன்று, பெயர் தெரியாமற் போனவர் எத்தனை பேரோ! உங்கள் மகன் விஜய் ஐயராவான் என்று நாம் வாக்குறுதி தர முடியாது."

"அப்போ என்னதான் சொல்கிறீர்கள், சேர்?"

அப்பொழுது நாம் தயாரித்து வந்த உபதேசம் மறந்துபோய், நம் சொந்தக் கதையே வாயில் வந்தது. சிறுவயதில் நான்கு ஆண்டுகள் மிருதங்கம் பயின்றோம். சாதாரணதரப் பரீட்சை நெருங்கியபோது, "பிறகு பார்க்கலாம்" என்று வீட்டார் அதை உறையிலிட்டுப் பரணில் வைத்தனர். அந்தப் பிறகு வரவேயில்லை. இன்று அவ்வாத்தியம் எங்கே என்றும் தெரியாது. ஆயினும் விடைத்தாள் திருத்தும்போது நம் விரல்கள் மேசைமேல் தாமாகவே 'த தி தொம் நம்' என்று தட்டுகின்றன. முப்பது ஆண்டுகள் சென்றும், பல வீடுகள் மாறியும், அந்த முதற்பாடம் கையை விட்டுப் போகவில்லை. அதற்கு மேல் ஒன்றும் இல்லாததே குறை.

"ஐயா, பியானோவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்றீர்கள். மெய்தான். ஆனால் பியானோ மரமும் கம்பியும். வாசிப்பு அதற்குள் இல்லை. இவன் கையில் இருக்கிறது. கணக்குத் தலையோடு வருவதுபோல் அதுவும் கையோடு வரும். இரண்டையும் கொண்டு செல்லக்கூடிய பிள்ளைக்கு ஒன்றை மட்டும் ஏன் கட்டிக் கொடுக்க வேண்டும்?"

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மகனைப் பார்த்து, "ஒண்டு வாசி பாப்பம்" என்றார். தந்தை தன்னை வாசிக்கச் சொன்னது அதுவே முதன்முறை என்று மாணாக்கன் பின்பு நம்மிடம் கூறினான். அவன் அமர்ந்து வாசித்தான். ஓசையெழாத அவ்விரண்டு கட்டைகளையும் சுற்றிக்கொண்டு அவன் விரல்கள் சென்ற விதத்தைக் கண்டு வியந்தோம். இடையில் ஓரிடத்தில் மோகனத்தின் சாயல் வந்து மறைந்தது. தாயார் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தந்தையாரோ கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று ஐயுற்றோம். ஆனால் அவருடைய கால் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

முடிவு பெரிதொன்றுமில்லை. பரீட்சை முடியும்வரை நாளுக்கு ஒரு மணி நேரம் பியானோ; எஞ்சிய நேரம் பாடம். கணிதத்தில் புள்ளி குறைந்தால் மறுபடி பேசுவது. பியானோவை விற்கும் பேச்சு நிறுத்தப்பட்டது. "அந்த ரெண்டு கட்டையையும் திருத்த எவ்வளவு செல்லும் என்று கேட்டுப் பார்க்கிறேன்" என்று வாசல்வரை வந்து சொன்னார் தந்தையார்.

கீழே இறங்கியபோது மழை விட்டிருந்தது. பொரளைச் சந்தியில் மருதானைப் பக்கமும் இராஜகிரியப் பக்கமும் செல்லும் பஸ்களின் நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களை உரக்கக் கூவிக்கொண்டிருந்தனர். நாற்பதாண்டுகளுக்கு முன் தீ மூண்ட தெருவில், மேல்மாடிச் சன்னலொன்றிலிருந்து பியானோவின் ஒலி வந்துகொண்டிருந்தது. பழம் விற்கும் சிங்களப் பெண்ணொருத்தி தலை நிமிர்ந்து ஒருகணம் செவிசாய்த்துவிட்டு, மீண்டும் தன் வியாபாரத்தைக் கவனித்தாள்.

பெற்றோர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. பிள்ளைக்கு நீங்கள் தேடித் தரும் பாதுகாப்பை எவரும் குறைகூற மாட்டார். ஆனால் அவன் கையில் ஏற்கெனவே குடியேறிவிட்ட ஒன்றைப் பரீட்சையின் பெயரால் வெளியேற்றிவிடாதீர்கள். மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை. விஜய் ஐயரின் புகழைக் காட்டித் தந்தையிடம் வாதாடுமுன், அவர் பகலில் பயின்ற பௌதிகத்தையும் சேர்த்து நினையுங்கள். உங்கள் வீட்டில் பரணில் ஏறிய வாத்தியம் ஏதேனும் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதன் தூசியைத் துடைத்துப் பாருங்கள்.